பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கூட்ட வரும்: சிறு குழந்தைகளுக்கு எண் பிணைப்பைக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு குழந்தையிடம் எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால், சிலேட்டில் எட்டுக் கோடு கிழித்து, பக்கத்தில் ஐந்து கோடு கிழித்து, பிறகு முதல் கோட்டுக்கே திரும்பி வந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவதை நம் பக்கத்துப் பள்ளிகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். விடை சரியாகவே வருவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 48உடன் 35ஐக் கூட்ட வேண்டிய நாள் வரும்போது கோடுகள் கைகொடுக்காமல் போகின்றன. பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை என்று பெற்றோர் டியூஷன் தேடத் தொடங்குகிறார்கள்.

ஓர் எண் எந்தெந்த இரண்டு பகுதிகள் சேர்ந்து ஆனது என்பதை எண்ணிப் பார்க்காமலேயே அறிந்திருப்பதுதான் எண் பிணைப்பு. அந்தக் குழந்தைக்கு ஒன்று முதல் நூறு வரை சொல்லத் தெரியும். ஐந்துக்குள் இரண்டும் மூன்றும் கிடக்கின்றன என்பது தெரியாது. பிள்ளைகளிடம் ‘எண் பிணைப்பு’ என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ‘கூட்டாளி’ என்றால் போதும். பத்தில் ஏழுக்குக் கூட்டாளி மூன்று.

இதில் படிகளின் வரிசையே பாதி வேலை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்துக் கிராமங்களில் மாலை வகுப்பு எடுக்க வரும் இளைஞர்கள் பெரும்பாலும் பத்திலிருந்தோ, அல்லது நேரே நோட்டில் எழுதும் கணக்கிலிருந்தோ ஆரம்பித்துவிட்டு, பிள்ளைகள் விழிக்கும்போது காரணம் புரியாமல் திகைக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இடையில் தாண்டாமல் வாசிக்கவும்.

1. தொடங்கும் முன் குழந்தையிடம் பார்க்க வேண்டியவை

ஐந்து பொருள்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுகிறதா, அல்லது விரல் ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் போகிறதா என்று கவனிக்க வேண்டும். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். உடனே “அஞ்சு” என்று சொன்னால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்குத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் அது இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

அடுத்து, அதன் கண் முன்னாலேயே அந்த ஐந்தையும் அகலமாகப் பரப்பிவிட்டு, இப்போது எத்தனை என்று கேளுங்கள். பரப்பியதால் கூடிவிட்டது என்று நினைக்கும் குழந்தைக்கு, ஐந்தைப் பிரித்தாலும் அது ஐந்தாகவே இருக்கும் என்ற செய்தி போய்ச் சேராது. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

கடைசியாக, உள்ளங்கையில் மூன்று பொருள்களை வைத்து ஒரு நொடி திறந்து காட்டி மூடுங்கள். எண்ணாமலேயே “மூணு” என்று வர வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வராவிட்டால், சில வாரங்கள் வெறும் எண்ணல் விளையாட்டிலேயே இருக்கலாம். ஒன்றாம் வகுப்பில் அதனால் ஒரு நட்டமும் இல்லை.

2. சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்கள்

இதற்கென்று கடையில் விற்கும் வண்ண வில்லைகள் தேவையில்லை. புளியங்கொட்டை போதும், சொல்லப்போனால் அதுவே மேல். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல, ஒரு பக்கத்தைக் கரடான சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை உரசிக்கொண்டால், ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கருப்புமாக இரண்டு நிறக் கொட்டை கிடைத்துவிடும். ஒரு குழந்தைக்குப் பத்து என்று கணக்கு வைத்து, தொலைவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக உரசி வையுங்கள். உரசும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். சூடேறிய கொட்டையை அடுத்தவன் கையில் வைத்து அழுத்தும் விளையாட்டும் கூடவே நடக்கும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கொட்டைகளைக் கொட்டி வைக்க ஒரு சுளகு (முறம்) வேண்டும். வெறுந்தரையில் போட்டால் பாதி நேரம் உருண்டோடிய கொட்டையைத் தேடுவதிலேயே போகும். அதோடு மொத்த எண்ணிக்கையும் மாறிவிடும். பீடி சுற்றும் வீட்டுச் சுளகைக் கேட்டு வாங்காதீர்கள், அதில் புகையிலைத் தூள் படிந்திருக்கும். மறைத்து வைக்க ஒரு சிரட்டை (கொட்டாங்குச்சி). பத்து வரை நிரப்பிப் பார்க்கும் கட்டத்துக்கு முட்டை அட்டை: 30 முட்டை வைக்கும் காகித அட்டையில் ஒரு பக்கம் 5 குழியும் மறுபக்கம் 6 குழியும் இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால், வரிசைக்கு 5 குழி வீதம் இரண்டு வரிசை கொண்ட மூன்று துண்டுகள் கிடைக்கும். சத்துணவுக் கூடத்தில் கேட்டால் காலி அட்டை தருவார்கள். வெயிலில் நன்றாகக் காய வைத்துவிட்டு, உடைந்த முட்டை ஒட்டியிருக்கும் அட்டைகளை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைப் பயன்படுத்தவே கூடாது. அதன் பருப்பு கடும் விஷம். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையும் தவழும், நடை பழகும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சிதறிக் கிடக்கக் கூடாது. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் எண்ணி எடுத்து டப்பாவில் அடைப்பதையும் பாடத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஐந்தைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தல்

ஐந்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அது குழந்தையின் ஒரு கையிலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் விரலைப் பார்த்துக்கொள்ளும். ஐந்து கனமாக இருக்கும் குழந்தைக்கு மூன்று, நான்கு என்று கீழிருந்து ஏறலாம்.

ஐந்து கொட்டைகளைக் குழந்தையே எண்ணி எடுக்கட்டும். இரு கைக்குள் குலுக்கிச் சுளகில் போட்டதும், வெள்ளை எத்தனை, கருப்பு எத்தனை என்று பார்த்து, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: “மூணு வெள்ளை, ரெண்டு கருப்பு, மொத்தம் அஞ்சு.” இந்த வாக்கியத்தில் ‘மொத்தம் அஞ்சு’ என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வையுங்கள். நமக்குச் சலிப்பாக இருக்கும். குழந்தைக்கோ, நிறம் எப்படி விழுந்தாலும் மொத்தம் மாறவில்லை என்பது ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் செய்திதான்.

எதையும் எழுதச் சொல்லாதீர்கள். விழுந்த ஜோடிகளை நீங்கள் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வரலாம். ஐந்தும் வெள்ளையாக விழுவது அரிது, ஆகையால் அதைக் கையால் புரட்டிக் காட்ட வேண்டியிருக்கும்: “அஞ்சு வெள்ளை, கருப்பு ஒண்ணுமே இல்ல, மொத்தம் அஞ்சு.” பூச்சியத்தைத் தனிப் பாடமாக நடத்துவதைவிட இப்படி நுழைப்பது எளிது. ஐந்துக்கு 0-5, 1-4, 2-3, 3-2, 4-1, 5-0 என்று ஆறு பிரிப்புகள் உண்டு.

மூன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும் வேறுவேறு என்று குழந்தைகள் நினைப்பார்கள். அதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஒரு பக்கம் மூன்று வெள்ளையையும் மறுபக்கம் இரண்டு கருப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சுளகை அப்படியே அரை வட்டம் திருப்புங்கள். கொட்டை எதுவும் நகரவில்லை, இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்துவிட்டது. திருப்பத் திருப்ப, சொல்லும் வரிசை மட்டும் மாறும். இதைப் புரிந்துகொண்டால், பின்னால் மனத்தில் வைக்க வேண்டியவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

4. சிரட்டைக்கு அடியில் எத்தனை?

இந்தப் பாடத்தின் உயிர் இந்தப் படிதான். மற்றப் படிகளைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். குலுக்கிப் போடும்போது இரண்டு பகுதியும் கண் முன்னால் கிடப்பதால் எண்ணிச் சொல்லிவிடலாம். ஒரு பகுதியை மறைத்துவிட்டால் எண்ண முடியாது. மொத்தத்தையும் கண்ணுக்குத் தெரிகிற பகுதியையும் வைத்து, தெரியாததை மனத்தில்தான் உண்டாக்க வேண்டும். மனத்தில் பிணைப்பு உண்டாவது அந்த நேரத்தில்தான்.

கொட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நிறம் மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிறம் இப்போது தேவையில்லை, கவனத்தைக் கலைக்கும். ஐந்தையும் குழந்தை எண்ணிப் பார்த்த பிறகு, அதைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் சிலவற்றைச் சிரட்டைக்குள் தள்ளுங்கள். முதல் நாள் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“கண்ணத் தொற. வெளிய எத்தன கெடக்கு?”

“மூணு, டீச்சர்.”

“அப்போ உள்ள எத்தன?”

“அஞ்சு!”

தவறு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். குழந்தை விளையாட்டில் அதிகமாகக் கேட்ட எண் ஐந்து, அதையே சொல்கிறது; முழுமை எது, பகுதி எது என்பது அதற்கு இன்னும் பிரியவில்லை. “அப்படியா, உள்ள அஞ்சு, வெளிய மூணா? எடுத்துப் பாப்போமா?” என்று கேட்டுவிட்டு, சிரட்டையை அதன் கையாலேயே தூக்க வையுங்கள். தூக்கிப் பார்த்து “ரெண்டு” என்று சொன்னதும், மூன்றாம் படியின் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: “உள்ள ரெண்டு, வெளிய மூணு, மொத்தம் அஞ்சு.” சரிபார்க்கும் வேலையைக் கொட்டைகள் செய்யட்டும்; ஆசிரியர் முகத்தைப் பார்த்து விடையை மாற்றும் பழக்கம் இங்கேயே நின்றுவிடும்.

மறைத்திருப்பதை விரல் மடக்கிக் கண்டுபிடித்தாலும் தடுக்க வேண்டாம். விரல் விடுபடுவது தானாக நடக்கும். நாம் தட்டிவிட்டால் மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நாள் கழிந்ததும் ஆளை மாற்றுங்கள், குழந்தை மறைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். அவ்வப்போது வேண்டுமென்றே தவறாகச் சொன்னால், அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதில் வரும் உற்சாகம் பத்துப் பயிற்சித்தாளுக்குச் சமம்.

இங்கே புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை, மொத்தத்தை நடுவில் மாற்றுவது. ஒரு முறை ஐந்து, அடுத்த முறை ஏழு, பிறகு ஆறு என்று போனால், குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணத்தான் செய்யும். ஐந்து என்று எடுத்தால் அந்த வாரம் முழுக்க ஐந்துதான். எந்த வரிசையில் கேட்டாலும், வேறு வேறு இரண்டு நாள்களில், எண்ணாமல் உடனுக்குடன் விடை வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகலாம். ஒரு நாள் மட்டும் சரியாகச் சொன்னதை நம்ப வேண்டாம். அன்றைக்குக் கேட்டது நினைவில் நின்றிருக்கும், மறுநாள் இருக்காது.

5. ஆறு முதல் ஒன்பது வரை

முதல் பிரிப்பை எப்போதும் ஐந்தை வைத்துச் செய்யுங்கள்: ஆறு என்பது ஐந்தும் ஒன்றும், ஏழு என்பது ஐந்தும் இரண்டும். ஒரு முழுக் கையும் அடுத்த கையில் சில விரல்களுமாகக் காட்டினால் போதும். அடுத்து இரட்டைகள்: மூன்றும் மூன்றும் ஆறு, நான்கும் நான்கும் எட்டு. இவை பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடித்துவிடும். மீதி ஜோடிகளை அவற்றிலிருந்தே நகர்த்திப் பெறலாம். மூன்றும் மூன்றும் கிடக்கும் சுளகில் ஒரு கொட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினால் இரண்டும் நான்கும் ஆகிவிடுகிறது.

மறைக்கும் விளையாட்டை ஒவ்வோர் எண்ணுக்கும் தொடருங்கள். ஏழிலும் எட்டிலும் வேகம் குறையும். 3-4, 3-5 ஆகிய ஜோடிகளே கடைசிவரை இழுக்கும். அவற்றை மட்டும் தனியாகக் கூடுதலாகக் கேட்டால் போதும், எல்லாவற்றையும் திரும்ப நடத்த வேண்டியதில்லை.

6. பத்தும் முட்டை அட்டையும்

பத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குவதற்குக் காரணம், பின்னால் வரும் பெரிய கூட்டல் எல்லாம் பத்தை நிரப்பியே நடக்கும் என்பதுதான். அட்டைத் துண்டில் மேல்வரிசையை இடமிருந்து வலமாக நிரப்பிவிட்டு, பிறகு கீழ்வரிசைக்கு வர வேண்டும். கண்ட இடத்தில் போட்டால் வடிவம் கண்ணில் பதியாது, அட்டைக்குப் பயனே இல்லாமல் போகும். ஏழு கொட்டை வைத்தால் மேல்வரிசை முழுதும், கீழே இரண்டும் நிரம்பி, மூன்று குழி காலியாக நிற்கும். காலிக் குழிதான் கூட்டாளி. எண்ணாமலேயே கண்ணில் படுகிறது.

அட்டையில் ஒரு வாரம் போனதும், வாய்மொழி விளையாட்டுக்கு வரலாம். நீங்கள் “ஏழு” என்றால் குழந்தை “மூணு” என்று சொல்ல வேண்டும். தடுமாறினால் அட்டையைப் பார்க்கலாம். பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினால், முட்டாய்க்கு ஆறு ரூபாய் போக மீதிச் சில்லறை எவ்வளவு என்பதில் கழித்தலும் உள்ளே வந்துவிடும். கழித்தல் என்று பெயர் சொல்லத் தேவையில்லை.

வகுப்பு முழுவதும் சேர்ந்து “ஒண்ணும் ஒம்பதும் பத்து, ரெண்டும் எட்டும் பத்து” என்று ராகம் போட்டுச் சொல்வதை நான் தடுப்பதில்லை, ஆனால் அதைத் தேர்ச்சி என்று கணக்கில் எடுப்பதும் இல்லை. கூட்டத்தில் நான்கு பேர் உரக்கச் சொன்னால் மற்றவர்கள் வாயசைத்தே தப்பித்துவிடுவார்கள். வரிசையாகச் சொல்லும் குழந்தையிடம் நடுவில் “ஆறுக்கு?” என்று கேட்டால், பலர் ஒன்றிலிருந்து பாட ஆரம்பித்து ஆறுக்கு வருவார்கள். தனித்தனியாக, வரிசை மாற்றிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

7. எழுதத் தொடங்குதல்

மேலே ஒரு வட்டமும், அதிலிருந்து இரண்டு கோடுகள் இறங்கிக் கீழே இரண்டு வட்டங்களும் வரைவது இந்தப் பாடத்தின் வழக்கமான படம். இதைத் தாளில் எழுதும் முன், தரையில் பெரிதாக வரைந்து, கொட்டைகளை மேல் வட்டத்தில் வைத்து, அங்கிருந்து கீழே இரண்டாகப் பிரித்து இறக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால் ஒரு விசித்திரமான பிழை வரும்: மேலே 5, கீழே 3, 2 என்று எழுதிய குழந்தை, மூன்றையும் கூட்டிப் பத்து என்று சொல்லும். படத்தில் மூன்று எண்கள் இருப்பதால் அது சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கொட்டைகள் கீழே இறங்கிய பிறகு மேல் வட்டம் காலியாகிவிடுவதைப் பார்த்த குழந்தைக்கு, மேலே இருந்ததும் கீழே இருப்பதும் அதே ஐந்துதான் என்பது தெரியும்.

அதன் பிறகே + குறியும் = குறியும். 3 + 2 = 5 என்று எழுதும் அன்றைக்கே 5 = 3 + 2 என்றும் எழுதிக் காட்டுங்கள். ஒரே வடிவில் எழுதிப் பழகிய குழந்தை, சமக்குறிக்கு வலப்பக்கம் விடை எழுத வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறது; 5 = 3 + __ என்று கேட்டால் கோடிட்ட இடத்தில் எட்டு என்று எழுதிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதுதான் அந்தக் குறியின் பொருள் என்பதை, சுளகின் இரண்டு பக்கமும் கொட்டைகளை வைத்தே காட்டிவிடலாம்.

8. பத்தைத் தாண்டும் கூட்டல்

இரண்டு முட்டை அட்டைத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் எட்டும் மற்றொன்றில் ஐந்தும் வைக்கச் சொல்லுங்கள். முதல் அட்டையில் எத்தனை குழி காலி? இரண்டு. அந்த இரண்டை ஐந்திலிருந்து எடுத்து நிரப்பினால், முதல் அட்டை பத்தாகிவிடும், இரண்டாவதில் மூன்று மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. இந்த ஒரே நகர்த்தலில், பத்தில் எட்டுக்குக் கூட்டாளி இரண்டு என்பதும், ஐந்தில் இரண்டுக்குக் கூட்டாளி மூன்று என்பதும் இரண்டுமே வேண்டியிருக்கின்றன. ஏதாவது ஒன்று உறுதியாக இல்லாவிட்டால் குழந்தை இங்கே நின்றுவிடும். கூட்டலை இன்னும் விளக்குவதால் அது நகராது. எந்தப் பிணைப்பு தடுக்கிறது என்று பார்த்து, நான்காம் படிக்கோ ஆறாம் படிக்கோ திரும்பிப் போக வேண்டும்.

ஒன்பதோடு கூட்டுவதை முதலில் எடுங்கள், நிரப்ப ஒரே குழிதான் இருக்கும். பிறகு எட்டு, அதன் பிறகு ஏழு. சின்ன எண்ணை நிரப்பப் பார்த்துத் திணறும் குழந்தையிடம், பெரிய எண் இருக்கும் அட்டையை நிரப்பச் சொல்லிப் பழக்குங்கள். நோட்டில் எழுதும்போது 5க்குக் கீழே இரண்டு சிறு கிளை போட்டு 2, 3 என்று எழுதினால் போதும். அதை மனத்திலேயே செய்துவிடும் குழந்தையைக் கிளை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது வீண் வேலை. அதேபோல 8 + 1, 9 + 2 போன்றவற்றில் குழந்தை பெரிய எண்ணிலிருந்து மேலே எண்ணியே விடை சொன்னாலும் அது குறையில்லை.

9. வீட்டில் செய்யக்கூடியது

நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்து உட்கார வைப்பதால் அதே பயன் வராது. ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் வீடுகளில், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று தாய்மார்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் கூட்டாளி விளையாட்டுக்குக் கை தேவையில்லை. சுளகை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே “பத்துல நாலுக்கு?” என்று வாயால் கேட்கலாம். ஆச்சி கேட்டாலும் சரிதான், பல வீடுகளில் ஆச்சிக்குத்தான் பொறுமை அதிகம். பெற்றோரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: இந்த வாரம் எந்த எண் நடக்கிறதோ அதை மட்டுமே கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினைந்து வரை சொல்கிறது என்று முந்தக் கூடாது.

கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம் பத்தின் ஜோடிகளில் சில கழன்று போயிருக்கும். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். சிரட்டையை எடுத்து, ஐந்தில் ஒரு நாள், எட்டில் இரண்டு நாள் மறைத்துக் கேட்டுவிட்டு, நேரே முட்டை அட்டைக்குப் போய்விடலாம்.